ஆல்தோ வந்தால் பட் வேண்டாம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் வேலை, நாள் முழுக்க ஆங்கில மெயில். "ஆல்தோ த ஷிப் ஹேஸ் அரைவ்ட், பட் த கன்டெய்னர் இஸ் ஸ்டில் இன் த போர்ட்" என்று எழுதியதில் மனேஜர் 'பட்'டை வெட்டிவிட்டாராம். ஏன் வெட்டினார், எந்த இடத்தில் எந்த இணைப்புச் சொல்லைப் போடுவது என்று கேட்கிறார்.

மனேஜர் வெட்டியது சரி. இரண்டு செய்திகளைச் சேர்க்க ஆங்கிலத்தில் ஓர் இணைப்புச் சொல் போதும். 'கப்பல் வந்தும்' என்பதை 'ஆல்தோ' சொல்லி முடித்துவிட்டது. அதற்குப் பிறகு 'பட்' வந்து அதே வேலையை இன்னொரு தடவை செய்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்.

எதை எடுப்பது? இங்கேதான் யோசிக்க வேண்டும். கப்பல் வந்தது வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே தெரியும், கன்டெய்னர் வெளியே வராததுதான் புதுச் செய்தி என்றால் 'ஆல்தோ'வை வையுங்கள். அது கப்பலைப் பின்னுக்குத் தள்ளி, கன்டெய்னரை முன்னுக்குக் கொண்டுவரும். இரண்டுமே அவருக்குப் புதிது என்றால் 'பட்' நல்லது, இரண்டும் சம எடையோடு நிற்கும்.

'பிகாஸ்', 'சோ' இரண்டுக்கும் இதே கதைதான். "டொக்யுமன்ட் பிந்தினதால, அதாலதான் கிளியர் பண்ண முடியேல்ல" என்று நாங்கள் கதைக்கிறோம், தமிழ் அதைத் தாங்கும். ஆங்கிலத்தில் 'பிகாஸ்' என்று தொடங்கிவிட்டால் நடுவில் 'சோ' வரக்கூடாது. 'பிகாஸ்' என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். தாராளமாகத் தொடங்கலாம், விளைவையும் அதே வாக்கியத்தில் சொல்லி முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாதாரண தரப் பரீட்சைக்கு நாங்கள் பாடமாக்கிய பட்டியலில் ஒவ்வொரு இணைப்புச் சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல் இருக்கும். அந்தப் பட்டியலை நம்பி எழுதுவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன என்பது என் கருத்து. தமிழில் இணைப்பு பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்: வந்தால், வந்தாலும், வந்ததால். அந்த வாலைப் பார்த்து ஆங்கிலச் சொல்லைத் தேடாதீர்கள். இரண்டு செய்திகளுக்கும் என்ன உறவு என்று பாருங்கள்: காரணமா, நிபந்தனையா, நேரமா, முரணா?

'வந்தால்' என்பதையே எடுங்கள். "வெள்ளிக்கிழமை கன்டெய்னர் வந்தால் உடனே அனுப்புகிறோம்" என்று தமிழில் சொன்னால், அது வரும் என்பது உறுதியாக இருந்தாலும் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அதையே 'இஃப் த கன்டெய்னர் அரைவ்ஸ்' என்று எழுதினால், வராமலும் போகலாம் என்று வாடிக்கையாளர் படிப்பார். அடுத்த நிமிடம் போன் வரும். துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் வார்ஃப் கிளார்க், கன்டெய்னர் வரும் திகதியை உறுதிப்படுத்திவிட்டார் என்றால் 'வென்' போடுங்கள், சந்தேகம் இருந்தால் மட்டும் 'இஃப்'. இரண்டுக்குப் பிறகும் 'வில்' வேண்டாம்: 'வென் த கன்டெய்னர் வில் அரைவ்' பிழை, 'வென் த கன்டெய்னர் அரைவ்ஸ்' சரி.

கொழும்புக் கந்தோர்களில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, "அன்டில் யூ டோன்ட் பே, வீ கான்ட் ரிலீஸ் த குட்ஸ்." 'காசு கட்டாத வரைக்கும்' என்ற நம் பேச்சு அப்படியே இறங்கியிருக்கிறது. 'அன்டில்' சுட்டுவது நிலைமை மாறும் நேரத்தை, அதாவது காசு கட்டும் நேரத்தை. ஆகவே 'அன்டில் யூ பே' என்பதே சரி. 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருப்பதால் அங்கேயும் 'டோன்ட்' தேவையில்லை, 'அன்லெஸ் யூ பே' போதும். தொனியில் மட்டும் கவனம். 'அன்டில்' என்றால் காசு வரும், அதுவரை பொறுக்கிறோம் என்று கேட்கும். 'அன்லெஸ்' எச்சரிக்கை மாதிரி ஒலிக்கும். நெடுநாள் வாடிக்கையாளருக்கு 'அன்டில்' எழுதுவதே மரியாதை.

'டெஸ்பைட்' வந்தால் பின்னால் முழு வாக்கியம் வராது, பெயர்ச்சொல்தான் வரும்: 'டெஸ்பைட் த ரெயின்'. அதோடு 'ஒஃப்' சேராது. 'இன் ஸ்பைட்' என்பதற்குத்தான் 'ஒஃப்' வேண்டும். 'ஹவ்எவர்' என்பதோ இணைப்புச் சொல்லே அல்ல. அதற்கு முன்னால் வெறும் கமா போட்டு இரண்டு வாக்கியங்களை ஒட்டாதீர்கள். முற்றுப்புள்ளி வைத்து, 'ஹவ்எவர்' என்று புதிதாகத் தொடங்கி, பிறகு கமா போடுங்கள்.

கடைசியாக 'சின்ஸ்'. "சின்ஸ் யூ சேஞ்ச்ட் த ஓடர், வீ ஹேவ் ஹேட் டிலேஸ்" என்று ஒரு மெயில் போகிறது என்று வையுங்கள். ஓடரை மாற்றிய நாளிலிருந்தா, மாற்றிய காரணத்தாலா? நீங்கள் நாளைத்தான் சொல்ல நினைத்திருப்பீர்கள், படிக்கிறவர் பழியைத் தன்மேல் போடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். காரணம் சொல்வதென்றால் 'பிகாஸ்' என்றே எழுதுங்கள். நேரம் என்றால் 'சின்ஸ்' என்பதற்குப் பின்னால் திகதியைப் போட்டுவிடுங்கள்.