பழைய மெசிக்கு எந்த ட்ரெயிலர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிளிநொச்சியில் சித்தப்பாவின் வளவில் கிடக்கும் மெசி பெர்கியூசன் 35 உழவு இயந்திரத்தை யாழ்ப்பாணம் கொண்டுவந்து திருத்தப் போகிறேன். பிறகு வேறு பழைய இயந்திரங்களும் ஏற்றவேண்டி வரும். பாவித்த தட்டை ட்ரெயிலர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரட்டை அக்சில், புதுப் பெயின்ற், புதுத் தளத் தகடு. பிக்கப்பில் இழுக்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: முதலில் பாரக் கணக்கு. மெசி 35 வெறுமையாகவே ஒன்றரைத் தொன்னுக்குக் கிட்ட வரும். வயலில் ஓடியதென்றால் பின் ரயர்களுக்குள் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். ஒரு ரயரில் நூறு லீற்றருக்கு மேல் நிற்கும். வால்வு கீழே வரும்படி சில்லைச் சுற்றி, ஊசியை அமத்திப் பாருங்கள். தண்ணீர் சீறினால் ஏற்றமுன் வடித்துவிடுங்கள். ட்ரெயிலரின் சொந்தப் பாரம் 700, 800 கிலோ. ஆக, இழுக்கப்போவது 2,300 கிலோ அளவு. பெரும்பாலான பிக்கப்புகளின் கைநூலில் பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு 750 கிலோதான் எல்லை. எனவே இந்த ட்ரெயிலரில் பிரேக் இல்லையென்றால், அல்லது இருந்தும் பிடிக்காதென்றால், விலை பேசவே வேண்டாம்.

அடுத்தது, ஒரு சாக்கை விரித்துக் கீழே படுங்கள். விற்பவர் காட்ட விரும்புவது மேல்தளம். நீங்கள் பார்க்கவேண்டியது அடிச்சட்டம். எங்கள் பக்கத்து ட்ரெயிலர்களில் பாதி, ஒரு காலத்தில் உப்போ கடற்கரை மணலோ ஏற்றியவை. கறள் வெளியிலிருந்து தின்னாது, பெட்டிச் சட்டத்துக்குள் நின்று தின்னும். சிறு சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற சத்தம் சொத்தென்று மாறுகிற இடத்தில் திருப்புளியால் குத்துங்கள். உள்ளே போனால் அந்தச் சட்டம் முடிந்தது. வெடிப்பு வழமையாக வருவது இரண்டு இடத்தில்: இழுவைத் தண்டு சட்டத்தோடு சேரும் மூலை, ஸ்பிரிங் தொங்கும் காது. அந்த இடங்களில் மட்டும் பெயின்ற் தடிப்பாக இருந்தால், சுரண்டிப் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம்.

பிறகு நூல் பிடியுங்கள். தளத்தின் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருக்கவேண்டும். கொளுவும் முனையிலிருந்து முன் அக்சிலின் இரண்டு அந்தத்துக்கும் உள்ள தூரமும் அப்படியே. ஒரு பக்கம் அரை அங்குலம் கூடினாலும் ட்ரெயிலர் சரிந்து ஓடி ரயரைத் தின்றுவிடும்.

ஜக்கு அடித்துச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டமோ, சுற்றும்போது கரகரப்போ இருந்தால் பெயாரிங் மாற்றவேண்டும். அது பெரிய செலவில்லை, விலையில் குறைக்கச் சொல்லலாம். ரயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். பார எண்ணையும் வாசியுங்கள். கார் ரயரைப் போட்டு விற்பது இங்கே சர்வசாதாரணம். 91 என்ற எண்ணுக்கு ஒரு ரயர் 615 கிலோதான் தாங்கும். நான்கும் சேர்ந்து 2,460. உங்கள் பாரத்துக்கு அது விளிம்பில் நிற்கும்.

தளம் 12 அடி நீளமாவது வேண்டும். மெசி ஏறக்குறைய 10 அடிதான், ஆனால் முன்பின் நகர்த்திச் சமன் பார்க்க இடம் தேவை. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கொளுவியில் விழவேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால், ஆனையிறவுக் காற்றுக்குள் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். பிறகு பிடித்து நிறுத்துவது கடினம்.

ட்ரெயிலரின் பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கம் சட்டத்தில் அடித்த இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஆணியடித்த தகட்டை மட்டும் நம்பவேண்டாம்.

கேள்வி: ஓடாத இயந்திரத்தை எப்படி ஏற்றிக் கட்டுவது?
– வாசகர், கொடிகாமம்

பதில்: வின்ச்சால் இழுத்துத்தான். தளம் இரண்டரை அடி உயரமென்றால் ஏறுபலகை 10 அடியாவது இருக்கட்டும். 8 அடியில் ஏற்றம் செங்குத்தாகிவிடும். ஏற்றமுன் ட்ரெயிலரின் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் மெசியின் பாரம் வாலில் விழும்போது பிக்கப்பின் பின்சில்லு நிலத்தைவிட்டு எழும்பும். இழுக்கும்போது ஒருவர் மரக்கட்டையோடு பின்சில்லுக்குப் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு அடிக்கும் கட்டை வைத்து வரவேண்டும். நேர் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது, வின்ச் கம்பிக்கு நேரேயும் வேண்டாம்.

நான்கு மூலையிலும் தனித்தனிச் சங்கிலி. பின்னால் அக்சில் உறையிலும் முன்னால் முன்னச்சிலும் கட்டுங்கள். ஸ்டியரிங் தண்டிலோ வார்ப்பிரும்புக் காதிலோ கொளுவினால் பழைய வார்ப்பு பிஸ்கற் போல உடையும். ரயர் அமுங்குவதால் சங்கிலி தளரும். 10 கிலோமீற்றர் போய் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். அப்போதே சில்லுக் குடத்தில் கையை வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூடு இருந்தால் மேலே போகவேண்டாம்.

கேள்வி: பிரேக் மிதித்தால் ட்ரெயிலரின் சிக்னல் லைற்றும் மங்கலாக எரிகிறது. ஏன்?
– வாசகர், அச்சுவேலி

பதில்: எர்த் வயர் போயிருக்கிறது. ஏழு முனைப் பிளக்கில் அது வெள்ளை. சட்டத்தில் அது பூட்டிய போல்ட்டைக் கழற்றி, கறளைச் சுரண்டி, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள்.