ஆரம் 14, சாயுயரம் 10: இப்படி ஒரு கூம்பு உண்டா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கைடில் ஒரு கணக்கு. கூம்பின் ஆரம் 14 செ.மீ., சாயுயரம் 10 செ.மீ., வளைபரப்பு காண்க. விடை 440 ச.செ.மீ. என்று போட்டிருக்கிறது. சும்மா உயரத்தையும் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், அதன் வர்க்கம் மைனஸில் வருகிறது. டியூஷன் சார், "கேட்டதை மட்டும் போடு" என்கிறார். தப்பு என் மேலா, கணக்கின் மேலா?
– மதுரை வாசகி

பதில்: கணக்கின் மேல்தான். சாயுயரத்தின் வர்க்கமான 100-இலிருந்து ஆரத்தின் வர்க்கமான 196 போனால் மைனஸ் 96. உயரமும் ஆரமும் சேர்ந்த செங்கோண முக்கோணத்தில் சாயுயரம்தான் கர்ணம், அது ஆரத்தைவிடச் சின்னதாக இருக்கவே முடியாது.

தாளை வைத்தும் பார்த்துவிடலாம். கூம்பை வெட்டி விரித்தால், சாயுயரத்தை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு கிடைக்கும். 10 செ.மீ. ஆரமுள்ள முழு வட்டத்தின் சுற்றளவே 63 செ.மீ.க்குள்தான். உன் கூம்பின் அடியைச் சுற்றிவர 88 செ.மீ. வேண்டும். முழு வட்டத்தையும் வளைத்தாலும் எட்டாது. போதாததற்கு அடிப்பரப்பு 616, வளைபரப்பு 440. தரையைவிடச் சின்னக் கூரை!

ஏழால் வகுபடட்டும் என்று 14, பெருக்கச் சுலபம் என்று 10 போட்டிருப்பார்கள். சூத்திரத்தில் போட்டதும் 440 அழகாக வந்துவிடுகிறது. அதற்குமேல் யார் பார்க்கிறார்கள்?

பெரிய தேர்வுகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் 1980-இல் நடந்த பிஎஸ்ஏடி என்ற பள்ளி மாணவர் தேர்வில், பக்கங்கள் சமமான ஒரு சதுரப் பிரமிடையும் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட ஒரு நான்முகியையும் முக்கோண முகங்கள் பொருந்த ஒட்டினால் எத்தனை முகங்கள் மிஞ்சும் என்று கேட்டார்கள். ஐந்தும் நான்கும் ஒன்பது, ஒட்டியவை இரண்டு போக ஏழு என்றது விடைத்தாள். ஃபுளோரிடா மாணவர் ஒருவர் ஐந்து என்று எழுதியிருந்தார். ஒட்டிய பிறகு இரண்டு இடங்களில் பக்கத்துப் பக்கத்து முகங்கள் ஒரே தளத்தில் சேர்ந்துவிடும். ஆகவே ஐந்துதான் சரி. தேர்வு நடத்தியவர்கள் 1981-இல் ஒப்புக்கொண்டார்கள்.

சாரிடம் "தப்பு" என்று ஆரம்பிக்காதே. அந்த 63-ஐயும் 88-ஐயும் எழுதிக் காட்டி, "இதை எப்படிச் செய்வது சார்?" என்று கேள். தேர்வில் இப்படி வந்தால், முதலில் உயரமா சாயுயரமா என்று கேள்வியை இன்னொரு தடவை படி. அச்சில் சாயுயரமேதான் என்றால் சூத்திரம், பிரதியிடல், விடை எல்லாம் எழுதிவிட்டு, கீழே "சாயுயரம் ஆரத்தைவிடக் குறைவு, இக்கூம்பு சாத்தியமில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போ. அங்கே உட்கார்ந்து வாதாட நேரம் கிடையாது.