சொந்தக் காசில் வாங்கிய லாப்டொப், வரியில் கழியுமா?

கேள்வி: நான் கோண்டாவிலில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 240,000 ரூபா. வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். கம்பனி தந்த பழைய லாப்டொப்போடு மல்லுக்கட்ட முடியாமல் 320,000 ரூபாவுக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். முதுகு நோவுக்கு நல்ல கதிரை 38,000, கரண்ட் போனாலும் வேலை நிற்காமலிருக்க இன்வேர்ட்டர் பற்றறி 42,000. மொத்தம் 400,000 ரூபா, எல்லாம் என் காசு. கனடாவில் இருக்கும் அண்ணா, "பற்றுச்சீட்டுகளை வைத்திரு, வரியில் கழிக்கலாம்" என்கிறார். கழிக்கலாமா? பற்றுச்சீட்டுகளின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்: பிள்ளை, கழிக்க இயலாது. உங்களை ஏமாற்றத்தோடு விட எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அண்ணாவின் பேச்சை நம்பி, வரி அறிக்கை கொடுக்கும் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வியாபாரத்தை ஒரு மாதிரியும் சம்பளத்தை இன்னொரு மாதிரியும் பார்க்கிறது. சுன்னாகத்தில் கடை வைத்திருப்பவர் கடைக் கணக்குக்காக இதே லாப்டொப்பை வாங்கினால், அதன் விலையை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து, வருடம் 20 சதவீதமாக லாபத்திலிருந்து கழிக்கலாம். சம்பளக்காரருக்கு அப்படி ஒரு வழி இல்லை. வேலைக்காக என்ன வாங்கினாலும் சம்பள வருமானத்திலிருந்து அதைக் கழிக்கச் சட்டம் விடுவதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் பொதுவாக உள்ள 1,800,000 ரூபா தனிநபர் நிவாரணம், அதாவது வரி விதிக்காமல் விடும் தொகை, உங்களுக்கும் உண்டு. அது மாதம் 150,000 என்ற கணக்கில் உங்கள் சம்பளத்தில் ஏற்கெனவே விடப்பட்டிருக்கிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். வீட்டையே அலுவலகமாக்கி வேலை செய்யும் பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சட்டம் இன்னும் அவர்களைக் காணவில்லை.

சரி, கழிக்க விட்டிருந்தால் உங்களுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? உங்கள் ஆண்டுச் சம்பளம் 2,880,000. நிவாரணம் போக 1,080,000. முதல் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதம், மீதி 80,000க்கு 18 சதவீதம். ஆக வருடத்துக்கு 74,400, மாதத்துக்கு 6,200. உங்கள் சம்பளச் சீட்டிலும் அந்தத் தொகைதான் இருக்க வேண்டும், ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். 400,000 ரூபாவையும் ஒரே ஆண்டில் கழிக்க விட்டால்கூட வரி 40,800 ஆகும். மிச்சம் 33,600 ரூபா. நான்கு இலட்சம் கொடுத்தவருக்குக் கையில் திரும்பி வருவது அவ்வளவுதான்.

அதனால் வரித் திணைக்களத்தைப் பார்க்காமல் உங்கள் கம்பனியைப் பாருங்கள். வேலை வழங்குபவருக்காக ஊழியர் செய்த செலவை அவர் திருப்பிக் கொடுத்தால், அது உங்கள் சம்பள வருமானத்தில் சேராது. அதற்கு வரியும் இல்லை. முழுத் தொகையும் உங்களுக்குத்தான். மனிதவளப் பகுதிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: பழைய கருவி எந்தத் தேதியிலிருந்து பழுது, எந்த வேலை தடைப்பட்டது, என்ன விலைக்கு வாங்கினீர்கள், பற்றுச்சீட்டு இதோ. லாப்டொப்பைக் கம்பனிச் சொத்தாகப் பதியச் சம்மதம் என்றும் சேர்த்து எழுதுங்கள். அப்படிச் செய்தால் தேய்மானத்தை அவர்கள் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் இலாபம். வேலையை விடும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். "அப்படியென்றால் மாதம் 10,000 ரூபா கருவிப்படி சேர்த்துத் தருகிறோம்" என்று கம்பனி சொல்லக்கூடும். பற்றுச்சீட்டுக் கேட்காமல் சம்பளத்தோடு மாதாமாதம் வரும் படி, சம்பளம்தான். உங்கள் நிலையில் அதில் 18 சதவீதம் போய்விடும், கையில் 8,200 வரும். செலவைத் திருப்பித் தருவதாகவே கேளுங்கள்.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் நான் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். பொருளாதாரத் தடையால் பற்றறி யாழ்ப்பாணத்துக்குள் வராத காலம். கல்குலேற்றர் இருந்தும் அதற்குப் போட ஒன்றும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் வெயிலில் இயங்கும் கல்குலேற்றர் ஒன்றை என் சம்பளக் காசில் வாங்கினேன். ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, மதிய வெளிச்சத்தில் முழு அலுவலகத்தின் ஐந்தொகையையும் அதில்தான் கூட்டினோம். மாதக் கடைசியில் காசைக் கேட்டபோது, "சொல்லிவிட்டா வாங்கினீர்?" என்றார் பெரியவர். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாங்குவதற்கு முன் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். நீங்கள் வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை. கதிரைக்கும் பற்றறிக்கும் சேர்த்தே இப்போது எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய பிரதியில் கடைப் பெயர் தெரிகிறது, தொகை தெரியவில்லை. அது இயந்திரத்தில் சூட்டால் அச்சாகும் தாள். நம் ஊர் வெக்கையில் சில மாதத்தில் வெளுத்துவிடும். மேசை லாச்சிக்குள் வைத்தாலும் வெளுக்கும். அசலைக் கடைக்குக் கொண்டுபோய், பெரிய தாளில் உங்கள் பெயரும் கருவியின் தொடர் இலக்கமும் போட்ட விலைச்சிட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே படம் எடுத்தும் வைத்துவிடுங்கள்.

அண்ணா சொன்னதும் முழுதாகச் சரியில்லை. கனடாவில் வேலை வழங்குபவர் ரி2200 படிவத்தில் கையொப்பமிட்டால் காகிதம், மை, இணையக் கட்டணத்தில் ஒரு பங்கு என்று சிலவற்றை ஊழியர் கழிக்கலாம். ஆனால் கணினி வாங்கிய விலையை அங்கும் சம்பளக்காரர் கழிக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லியிருந்தால் சரி, அங்கே வேலைக் கருவிக்குக் கழிவு உண்டு. அவரவர் நாட்டுச் சட்டம் அவரவர்க்கு.

இன்னொன்று: உங்கள் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் நீங்கள் ஊழியர், மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். அது இல்லாமல் சேவைக் கட்டணம் என்று போட்டு 5 சதவீதம் மட்டும் பிடித்தால், அவர்கள் உங்களை ஒப்பந்தக்காரராக வைத்திருக்கிறார்கள். அப்போது கணக்கே மாறும், திரும்ப எழுதுங்கள். பற்றறியைப் பற்றியும் ஒரு சொல். தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கும் சூரியத் தகடுகளை வீட்டில் பூட்டினால் வருடத்துக்கு 600,000 ரூபா வரை கழிவு உண்டு, அது சம்பளக்காரருக்கும் பொருந்தும். உங்கள் இன்வேர்ட்டர் பற்றறி அதில் அடங்காது.

கேள்வி: நெல்லியடியில் வங்கி ஒன்றில் வேலை. சனி, ஞாயிறுகளில் திருமணப் படம் எடுக்கிறேன். கமெராவின் விலையைச் சம்பள வரியில் கழிக்கலாமா?

பதில்: சம்பளத்தில் இல்லை தம்பி, படம் எடுத்து வரும் வருமானத்தில் கழிக்கலாம். அது உங்கள் வியாபாரம். விலையை ஆண்டுகளுக்குப் பிரித்துத் தேய்மானமாகக் காட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகளைப் படம் எடுக்கவும் அதே கமெரா என்றால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள். அந்த ஆண்டு படப்பிடிப்பில் நட்டம் வந்தாலும் அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கழிக்க இயலாது. ஒரு கொப்பி போட்டு, எந்தத் திருமணம், எந்தத் தேதி, எவ்வளவு முற்பணம், எவ்வளவு மீதி என்று அன்றன்றே எழுதுங்கள். செலவை மட்டும் காட்டி வரவைக் காட்டாத கணக்கை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.