மாடியிலிருந்து எறிந்த கல்: எறிபொருள் கணக்குகள், கேள்வி பதில்

கேள்வி: 15 மீட்டர் உயர மாடியிலிருந்து, கிடைத்தளத்துக்கு 30 டிகிரி மேல்நோக்கி, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கல் எறியப்படுகிறது. கிடைத்தளமாக எவ்வளவு தூரத்தில் தரையில் விழும்? கிடைத்தள நெடுக்கச் சூத்திரத்தில் போட்டால் 34.6 மீட்டர் வருகிறது, ஐயா. விடைப் பக்கத்தில் 52 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: அச்சகத்தாரைத் திட்டாதீர்கள். அந்தச் சூத்திரம், கிளம்பிய மட்டத்திலேயே வந்து விழும் பொருளுக்கு மட்டும். உங்கள் கல் 15 மீட்டர் கீழே போய் விழுகிறது. சூத்திரத்தை மூடிவைத்துவிட்டுத் தாளின் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் கிடைத்தளம்: வேகம் 17.3 (20 × cos 30°), முடுக்கம் கிடையாது. வலப்பக்கம் செங்குத்து: வேகம் மேல்நோக்கி 10 (20 × sin 30°), ஈர்ப்பு முடுக்கம் கீழ்நோக்கி ஏறத்தாழ 10. இரு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் ஒன்றுதான். அதை ‘ந’ என்போம். மேல்நோக்கி நேர்க்குறி என்றால் தரை −15. ஆகவே −15 = 10ந − 5ந². சுருக்கினால் ந² − 2ந − 3 = 0; ந = 3. அந்த 3 நொடியை இடப்பக்கம் கொண்டுபோய் 17.3 ஆல் பெருக்குங்கள். 52 வந்துவிடும்.

கேள்வி: −1 என்றும் ஒரு விடை வருகிறதே, அடித்துவிடலாமா?

பதில்: அடிக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்த விடை அதுதான். ஒரு நொடி முன்பு, தரையிலிருந்து, செங்குத்தாக 20, கிடைத்தளமாக அதே 17.3 என்ற வேகத்தில் யாரோ எறிந்திருந்தால், கல் மாடி உயரத்தை இதே வேகத்தில், இதே கோணத்தில் கடந்திருக்கும். சமன்பாட்டுக்கு மாடியும் தெரியாது, உங்கள் கையும் தெரியாது, கல் போகும் வளைபாதையான பரவளையம்தான் தெரியும்.

கேள்வி: உச்சியில் திசைவேகம் சுழிதானே?

பதில்: செங்குத்துக் கூறு மட்டும். 17.3 அப்படியே இருக்கிறது. முடுக்கமும் அங்கே 10தான்.

கேள்வி: 45 டிகிரியில்தான் அதிக தூரம் என்று படித்தோம். குண்டு எறியும் வீரர்கள் ஏன் அப்படி எறிவதில்லை?

பதில்: 45 என்பது கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே இருக்கிறது. ஆனால் அது சமதளத்துக்கு. குண்டு கையை விட்டுப் புறப்படுவது தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில். அதனால் கோணம் சற்றே இறங்குகிறது. பெரிய காரணம் உடம்பு: செங்குத்தாகத் தள்ளத் தள்ள வேகம் குறைகிறது. எனவே தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் 40-க்குக் கீழேயே எறிகிறார்கள்.

கேள்வி: மேல்நோக்கி நேர்க்குறியா, கீழ்நோக்கியா?

பதில்: உங்கள் விருப்பம், பாதிக் கணக்கில் மட்டும் மாற்றாதீர்கள். முதல் கணக்கில் தரையை +15 என்று போட்டுப் பாருங்கள், வர்க்கமூலத்துக்குள் −8 வந்து நிற்கும். மாடிக்கு மேல் 5 மீட்டரே ஏறக்கூடிய கல்லை 15 மீட்டர் உயரத்தில் தேடினால் வேறென்ன கிடைக்கும்?