நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு

"படுக்கையில் விழுந்த பெற்றோரின் பராமரிப்புச் செலவை யார் ஏற்க வேண்டும்: பிள்ளைகளா, அரசா, அவர்களுடைய சேமிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சும்மா இருக்கும்போது யாருக்கும் இந்தக் கேள்வி வராது. உங்கள் வீட்டிலும் யாரோ கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் திறந்தவர் அண்ணன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்த மூன்றாவது மாதம். மருந்து, டயப்பர், மூக்குக் குழாய் மாற்ற வரும் நர்ஸ், ஏர் பெட் என்று வரிசையாக எழுதியிருந்தார். அவரும் தம்பியும் பாதிப் பாதி. என் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு. "நீ பணம் எதுவும் தரலையே" என்றார். குத்திக்காட்டவில்லை, கணக்கைத்தான் சொன்னார்.

நான் வேலையை விட்டு அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். ஒரு நாள் அலாரம் அடித்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் வால் எலும்புக்கு மேலே நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்றார் நர்ஸ். அது ஆறும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. இதை நோட்டில் எந்த வரியில் எழுதுவது?

"பெற்ற தாய்க்குச் செய்ததற்குக் கூலியா?" என்று கிளம்புகிறவர்களுக்கு: கூலி கேட்கவில்லை. அண்ணன் கெட்டவரும் இல்லை, கடன் வாங்கித்தான் கொடுத்தார். ஆனால் பணமாகக் கொடுத்தால்தான் செலவு என்பது என்ன கணக்கு?

என்னைக் கேட்டால், எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்றே தெரியாத ஒன்றுக்கு, நன்றாக இருக்கும்போதே எல்லாரும் சேர்ந்து கட்டி வைக்க வேண்டும். ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு கட்டாயம். வீட்டில் பார்த்துக்கொள்வதற்குப் பணமாகவே வாங்கலாம். வாரம் 10 மணி நேரமாவது பராமரிக்கும் உறவினருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஓய்வூதியச் சந்தாவையும் அந்தக் காப்பீடு கட்டுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜப்பானில் 2000-ல் தொடங்கிய இதே மாதிரித் திட்டத்தில் 40 வயதிலிருந்து சந்தா. அங்கே குடும்பத்துக்குப் பணம் கிடையாது, ஆள்தான் வருவார். பணமாகக் கொடுத்தால் வீட்டுப் பெண்கள் தலையிலேயே வேலை விழும் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தனவாம். யோசித்தால் அதுவும் சரிதான். எனக்கு அன்றைக்குப் பணத்தைவிட, ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்ட இன்னொரு ஜோடிக் கைதான் தேவைப்பட்டது.

கடைசி மாதம் வேறு கதை. ஐசியூவில் சேர்த்தால் எங்கள் காப்பீடு பணம் தரும். வீட்டிலேயே வலியில்லாமல் போக ஒரு நர்ஸும் மார்ஃபினும் வேண்டும் என்றால் தராது. அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், ஆயுள் ஆறு மாதத்துக்குள்தான் என்று மருத்துவர்கள் சான்று தந்தால் ஹாஸ்பிஸ் பராமரிப்பு, அதாவது கடைசிக் காலத்தில் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்வது, வீட்டுக்கே வரும். ஆனால் அதை ஏற்றால், அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டார்கள். எங்களுக்கு அந்த வழியும் இல்லை. தம்பி ஐசியூ என்றான், நான் வேண்டாம் என்றேன். "காசு மிச்சம் பண்ணப் பார்க்கிறியா?" என்று கேட்டுவிட்டான். காசே தராதவளிடம்! அம்மா வீட்டில்தான் இறந்தாள், என் கைக்குள்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். காரியம் முடிந்த மறுவாரம் சித்தப்பா மகன் ஒருவர் அந்த ஏர் பெட்டை, மோட்டாரோடு, "பத்து நாளில் தருகிறேன்" என்று தூக்கிக்கொண்டு போனார். இரண்டு வருடம் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. நோட்டில் அதுவும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது, கேட்கிற வேலை மட்டும் என்னுடையது.