பிப்ரவரி இருக்கட்டும், அம்மாவுக்கு பூட்ஸ் எங்கே?

கேள்வி: குளிர் நாட்டுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. டிசம்பரும் ஜனவரியும் எப்படியோ ஓடிவிடுகின்றன. பிப்ரவரி வந்தால்தான் முடங்கிப்போகிறேன். காலையில் எழவே முடியவில்லை. வேலை முடிந்ததும் சோபாவில் சாய்ந்தால் போனைப் பார்த்தபடியே பொழுது போய்விடுகிறது. இந்த வருடமாவது இந்த மாதத்தை உருப்படியாகக் கழிக்க ஆசை. ஆன்லைனில் ஏதாவது வகுப்பில் சேரலாமா? குளிர்காலத்துக்கென்று விற்கும் வெளிச்ச விளக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன், அதனால் பலன் உண்டா? வைட்டமின் டி மாத்திரை போதுமா? கணவரும் நானும் மட்டும் ஒரு வாரம் வெயில் அடிக்கும் இடத்துக்குப் போய்வரலாம் என்றும் ஒரு யோசனை. நவம்பரில் அம்மா வந்திருக்கிறார். நான்கு வயது மகனை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், அதனால் எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. அம்மா வெளியே எங்கும் போவதில்லை. ஏப்ரலில் திரும்பிவிடுவார் என்பதால் அவருக்கு ஸ்னோ பூட்ஸ் எல்லாம் வாங்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மகன்தான் வெளியே போகணும் என்று தினமும் அழுகிறான். பிப்ரவரியை எப்படிப் பயனுள்ளதாக்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் நின்றுபோனது நீங்கள் கேள்வியாக நினைக்காத ஒரு வரியில். ‘ஏப்ரலில் திரும்பிவிடுவார் என்பதால் ஸ்னோ பூட்ஸ் எல்லாம் வாங்கவில்லை.’

நவம்பரில் வந்தவர். டிசம்பர் போயிற்று, ஜனவரியும் போயிற்று. இதற்குள் எத்தனை முறை பனி கொட்டி, உருகி, திரும்ப உறைந்ததோ. ஊரிலிருந்து போட்டுவந்த செருப்போடு அதில் ஒருவர் கால் வைக்க முடியுமா? ‘வெளியே எங்கும் போவதில்லை’ என்று எழுதுகிறீர்கள், என்னவோ அவருக்கே இஷ்டம் இல்லாத மாதிரி. காலுக்கு ஒன்றும் இல்லாதவர் எப்படிப் போவார்? மூன்று மாதமாக அந்த அம்மாளை வீட்டுக்குள் உட்கார வைத்திருப்பது குளிர் இல்லை, நீங்கள்.

கொஞ்ச நாள்தானே, எதற்கு வீண் செலவு என்று நினைத்திருப்பீர்கள். சரி, உங்கள் மகனுக்கு பூட்ஸ் இருக்கிறதா? இல்லாமல் இருக்காது. நான்கு வயதுப் பிள்ளையின் கால் அடுத்த குளிர்காலம் வரைக்கும் அதே அளவில் நிற்காது. அவனுக்கு வாங்கியதும் ஒரே ஒரு பருவத்துக்குத்தான். அப்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? பிள்ளைக்கு ஒரு குளிர்காலம் என்றால் அது தேவை, அம்மாவுக்கு என்றால் அது வீண். இப்படி ஒரு கணக்கு நம் வீடுகளில் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது. உங்களைப் போன்றவர்களிடமிருந்து வருடாவருடம் கடிதம் வருகிறது. ஊர் வேறு, பொருள் வேறு, கணக்கு இதேதான்.

‘அவரும் கேட்கவில்லை’ என்கிறீர்கள். கேட்க மாட்டார். மகள் வீட்டில், மருமகன் சம்பாத்தியமும் சேர்ந்து ஓடுகிற குடும்பத்தில் எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற அம்மா அபூர்வம். பிள்ளைகள் தாமாகப் பார்த்துச் செய்வார்கள் என்று இருப்பார்கள். செய்யாவிட்டால் அதையும் சொல்ல மாட்டார்கள். அவர் கேட்காமல் இருப்பதை உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றவர்களைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டால், அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுப்பதுதான் பிள்ளையின் வேலை என்று நம்புகிறவள் நான். அது பழைய காலத்துப் பேச்சு என்றால் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. ‘நேரத்துக்குக் குறைவில்லை’ என்று எழுதினீர்களே, அந்த நேரம் யாருடையது? பிள்ளைக்கு ஊட்டி, குளிப்பாட்டி, தூங்க வைத்து அம்மா கொடுத்த நேரம். அதை வாங்கிக்கொண்டு சோபாவில் போன் பார்த்துவிட்டு, மாதம் வீணாகிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

இனி பிப்ரவரி. அந்த மாதத்தின் மேல் நீங்கள் சொல்லும் பழி பாதிக்கு மேல் பொய். பகல் மிகவும் குறுகிப்போவது டிசம்பர் 21 வாக்கில். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் வெளிச்சம் கூடிக்கொண்டுதான் போகிறது. வடக்கே 45 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்களுக்கு, பிப்ரவரி தொடங்கும்போது சுமார் 10 மணி நேரமாக இருக்கும் பகல், மாதம் முடியும்போது 11 மணி நேரத்தைத் தாண்டிவிடும். 60 டிகிரியில் இந்த ஒரே மாதத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் கூடும். பிப்ரவரி 20ஆம் தேதி சூரியன் நிற்கும் உயரமும் அக்டோபர் 21 வாக்கில் நின்ற உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அக்டோபரில் நீங்கள் வெளியே நடந்திருப்பீர்கள். அப்புறம் ஏன் இப்போது இத்தனை குளிர்? தரையும் தண்ணீரும் கோடையில் வாங்கிய சூட்டை மெல்ல மெல்லத்தான் இழக்கும். அதனால் பகல் நீளத் தொடங்கி சில வாரம் கழித்துத்தான் கடுங்குளிர் வரும். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு நீங்கள் ஜன்னலைப் பார்க்காமல் இருக்கிறீர்கள்.

வெளிச்ச விளக்கு ஏமாற்று வேலை இல்லை. குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் விலகும் பருவகால மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984இல் விவரித்து எழுதினார்கள். அதற்கான சிகிச்சைகளில் ஒன்று இந்த விளக்கு. 10,000 லக்ஸ் வெளிச்சம் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), எழுந்தவுடன், அரை மணி நேரம். கண் திறந்திருக்க வேண்டும், விளக்கையே முறைக்க வேண்டியதில்லை. ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். கண் நோயோ, ‘பைபோலார்’ எனப்படும் இருதுருவக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஆனால் ஒன்று. வீட்டுக்குள் நாம் போடும் விளக்கெல்லாம் சேர்ந்து சில நூறு லக்ஸ் தேறினால் அதிகம். மேகம் மூடிய குளிர்காலப் பகலில்கூட வெளியே அது பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். புதிதாக விழுந்த பனி, தன் மேல் படும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். வாசலுக்கு வெளியே அத்தனை வெளிச்சம் சும்மா கிடக்கிறது. உங்களுக்காவது ஒரு விளக்கு வாங்கிக்கொண்டீர்கள். அம்மாவுக்கு விளக்கும் இல்லை, வாசலும் இல்லை.

வைட்டமின் டி விஷயம் வேறு. வெளியே நடந்தால் வெயிலில் அது தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்களைப் போல வடக்கே தூரத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக நிற்பதால், தோல் அதைத் தயாரிக்கத் தேவையான கதிர் தரைக்கு வந்து சேருவதே இல்லை என்று சொல்லலாம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் கோடையிலும் கிடைக்காது. கருத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலாகத் தேவை. ஆகவே மாத்திரை சரிதான், அளவை மட்டும் டாக்டர் சொல்லட்டும். அம்மாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அவருடைய எலும்பை நீங்கள் நினைத்துப் பார்த்ததாகவே கடிதத்தில் தெரியவில்லை. வெளியே போவது வெளிச்சத்துக்காக, காலுக்காக, நாலு முகம் பார்ப்பதற்காக.

வழுக்கி விழுந்துவிடுவாரே என்பீர்கள். நியாயமான பயம். ஆனால் ஐந்தாறு மாதம் உட்கார்ந்தே இருந்தால் தொடையில் வலு குறையும், அப்புறம் வீட்டுக்குள்ளேயே தடுமாறுவார். அதனால் முறையாகச் செய்யுங்கள்.

இந்தச் சனிக்கிழமையே அவரைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். நீங்களாக அளவு குத்துமதிப்பாக வாங்கிவராதீர்கள். கடை வரைக்கும் உங்கள் பூட்ஸை அவருக்குக் கொடுங்கள், சாக்ஸ் இரண்டு போட்டால் பொருந்தும். நீங்கள் அன்று சாதா ஷூவில் நடந்து பாருங்கள், மூன்று மாதம் என்றால் என்ன என்று கொஞ்சம் புரியும். மதியத்துக்குப் பிறகு போவது நல்லது, கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்தால் அப்புறம் இறுக்காது. கனமான கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டே மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே விரல் அசைய இடம் வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். அடிப்பாகம் மெத்தென்ற ரப்பராக, ஆழமான பள்ளங்களோடு இருக்கட்டும். அவரால் குனிந்து கயிறு கட்ட முடியாதென்றால் ஜிப் வைத்தது பாருங்கள். குளிர்காலச் சரக்கைக் கடைகள் இந்த மாதத்தில்தான் தள்ளுபடியில் ஒழித்துக்கட்டும். இன்னும் குறையட்டும் என்று காத்திருந்தால் அவர் அளவு போய்விடும். பூட்ஸ் மேல் மாட்டிக்கொள்ளும் முள் வைத்த ரப்பர் பிடிமானமும் ஒரு ஜோடி வாங்குங்கள். வீட்டுக்குள் நுழையும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும்.

உடுப்பில் ஒரு விஷயம்தான் முக்கியம். உடம்பை ஒட்டி பருத்தி வேண்டாம். வேர்த்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். நம் அம்மாக்கள் பருத்தியை விட மாட்டார்கள், பேசிப் பார்த்துச் சம்மதிக்க வையுங்கள். மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத கோட்டு. புடவைதான் கட்டுவேன் என்றால் உள்ளே கம்பளி லெக்கிங்ஸ் போடட்டும், புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டட்டும்.

ஐஸில் நடக்கச் சொல்லிக்கொடுங்கள். சின்னச் சின்ன அடி, பாதம் தட்டையாக விழ வேண்டும், உடம்பு லேசாக முன்னால் சாய்ந்திருக்கட்டும், கையைப் பாக்கெட்டுக்குள் விடக் கூடாது. முதல் நாள் தெருமுனை வரைக்கும் போதும். மதியம் 12க்கும் 2க்கும் நடுவே போங்கள், வெளிச்சமும் இருக்கும், குளிரும் அவ்வளவு கடிக்காது. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28க்குக் கீழே இறங்கினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம், அன்று வீட்டிலேயே இருங்கள். வெயில் அடித்தால் பனி கண்ணைக் கூச வைக்கும், அவருக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் டாக்டரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் காரணத்துக்கும் அவர் கையில் பனி அள்ளும் மண்வெட்டியைக் கொடுக்காதீர்கள்.

மகன் ஏன் அழுகிறான் என்று யோசித்தீர்களா? பாட்டிக்கு பூட்ஸ் இல்லை, அதனால் பகலெல்லாம் பேரனுக்கும் வெளியே போக வழி இல்லை. ஆள் ஒருவர் என்று நினைத்துச் செலவை மிச்சம் பிடித்தீர்கள், அடைபட்டது இரண்டு பேர்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் பயணத் திட்டத்தில். வேலை நாளில் மதியம் இரண்டு பேரில் ஒருவராவது அரை மணி ஒதுக்க முடியுமா என்று உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் சனியும் ஞாயிறும் கட்டாயம். மாமியாரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போவது மருமகனுக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஆன்லைன் வகுப்பு மார்ச்சிலும் இருக்கும். இப்போது வேண்டாம்.

காலையில் எழ முடியவில்லை என்றீர்கள். வெளிச்சமும் நடையும் இரண்டு வாரம் ஒழுங்காகப் பழகிய பிறகும் எதிலும் ஆர்வமில்லை, எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை, அழுகை வருகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். அதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடைசியாக அந்தப் பயணம். நீங்களும் கணவரும் ஒரு வாரம் வெயிலில் இருக்கும்போது, நடுராத்திரி வீட்டில் தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று வையுங்கள். நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் அம்மா எதைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடுவார்? யாருக்குப் போன் செய்வார், எந்த எண், எந்த மொழியில்? பக்கத்து வீட்டுக்காரர் முகமாவது அவருக்குத் தெரியுமா? நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவரைத்தான் வெளியே கூட்டிப்போகவே இல்லையே. இந்த பிப்ரவரியில் நீங்கள் இருவர் மட்டும் போகக் கூடாது. டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள். வெயில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நான்கு பேரும் சேர்ந்து போங்கள். அதற்குக் கையில் காசு போதாது என்றால், ஏப்ரலில் அம்மாவை விமானம் ஏற்றிவிட்ட பிறகு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.