4294967295: எண்ணுக்கென்று ஒரு சிறப்பு உண்டா?

கேள்வி: 32 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் 4294967295 என்று கணிப்பொறிப் பாடத்தில் படித்தேன். கணிப்பொறியை ஒதுக்கிவிட்டு வெறும் எண்ணாகப் பார்த்தால், இதற்குத் தனிச் சிறப்பு ஏதேனும் இருக்கிறதா?

பதில்: நிச்சயமாக இருக்கிறது. இது 2இன் 32ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண். அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) என்று பள்ளியில் படித்த முற்றொருமையைப் பயன்படுத்தினால் இது 65535 × 65537 என்று பிரியும்; 65535ஐ அவ்வாறே பிரித்தால் 255 × 257, 255ஐப் பிரித்தால் 15 × 17, 15ஐப் பிரித்தால் 3 × 5 என்று வந்து நிற்கும். ஆக, 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்தும் பகா எண்கள். 3ஐத் தவிர மற்ற ஒவ்வொன்றும் தனக்கு முந்தியவற்றின் பெருக்கற்பலனைவிட 2 அதிகமாக இருப்பதையும் கவனியுங்கள்.

கணித அறிஞர் ஃபெர்மாவை ஒட்டி இந்த ஐந்துக்கும் ஃபெர்மா பகா எண்கள் என்று பெயர். 1796இல், இருபது வயதுகூட நிரம்பாத கணித மேதை காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தைக் குறியில்லாத அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ, வெவ்வேறான சிலவற்றின் பெருக்கற்பலனாகவோ இருக்கும்போது மட்டுமே அவ்வாறு வரைய இயலும். நம் எண்ணுக்கு 32 வகுத்திகள். 1ஐ நீக்கினால் எஞ்சும் 31உம் அத்தகைய பலகோணங்களைத் தருகின்றன. முக்கோணத்தில் தொடங்கும் அந்தப் பட்டியலின் கடைசி உறுப்பு 4294967295 பக்கங்கள் கொண்டது. (வரைய முடியும் என்பது கணிதத்தின் தீர்ப்பு, தாளில் அதற்கும் வட்டத்துக்கும் வேறுபாடு தெரியாது.) பாஸ்கல் முக்கோணத்தின் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் தனக்கு மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகை என்று அமைவது) முதல் 32 வரிசைகளில் ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டை எண்ணுக்கு 0 என்று எழுதி, ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படித்தால், இதே 32 வகுத்திகளும் 1, 3, 5, 15, 17, 51 என்று ஏறுவரிசையில் வருவது இன்னும் வியப்பானது.

3இல் தொடங்கி, முந்தியவற்றின் பெருக்கற்பலனோடு 2 கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று ஃபெர்மா 1640இல் நம்பினார். அடுத்ததாக வரவேண்டிய 4294967297, 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டியதோடு அந்த நம்பிக்கை தகர்ந்தது, ஈவு 6700417. நீண்ட வகுத்தல் இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴ என்றும் அமைகிறது. முதல் வடிவப்படி 5 × 2⁷ஐ 641ஆல் வகுக்க மீதி −1 என்பதால், அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ஐ வகுக்க மீதி 1. இரண்டாம் வடிவப்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இடலாம். அப்போது −2³²இன் மீதி 1 ஆகிறது, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

அதன்பின் வரும் ஃபெர்மா எண்களில் இதுவரை தீர்மானிக்கப்பட்ட எதுவும் பகா எண்ணாக அமையவில்லை. ஆறாவது ஒன்று என்றேனும் அகப்பட்டால்தான் அந்தப் பலகோணப் பட்டியல் நம் எண்ணைத் தாண்டி நீளும்.